கற்பூரம் எங்கே போயிற்று?

திருச்சி புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், வெளியிடப் போவதில்லை. ஆனால் கடிதத்தில் உள்ள சமாசாரம் நம் எல்லோர் வீட்டுச் சமாசாரமாகவும் இருப்பதால், அதை மட்டும் இங்கே சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

"பூஜைக்கென்று கற்பூரம் வாங்கிச் சம்புடம் நிறையப் போட்டு வைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி ஒரு வில்லைதான் ஏற்றுவேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சம்புடத்தில் பாதிதான் இருக்கிறது! பூஜை அறைப் பக்கம் என்னையும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும் தவிர யாரும் போவதில்லை. ஒன்பது வருஷமாக வருகிறவள். கேட்கவும் மனசு வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. போன வாரம் ஜாடையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கற்பூரம் தானாகக் குறையுமா, குறையாதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக நாலு வரி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் எனக்குக் கவலை தந்தது அந்த நாலு வரிதான்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: குறையும்.

அம்மா, சம்புடத்தை மறுபடியும் திறந்து பாருங்கள். ஆள் எடுத்திருந்தால் வில்லைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். மிச்சம் இருப்பவை வாங்கியபடியே முழுசாக இருக்கும். காற்று எடுத்திருந்தால் ஒவ்வொரு வில்லையும் மெலிந்திருக்கும். ஓரங்கள் மழுங்கி, கனம் குறைந்து, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருக்கும். தூளாகக் கிடந்தவை அடியோடு மறைந்திருக்கும். இத்தனை பொறுமையாக ஒவ்வொரு வில்லையையும் சுரண்டி எடுக்கும் திருடி உலகத்தில் கிடையாது.

"அடுப்பில் வைக்கவில்லை, தண்ணீரில் போடவில்லை, பிறகு எப்படி மறையும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கொஞ்ச நேரம் கற்பூரத்தை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவோம்.

எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துணுக்குகளால் ஆனது. மூலக்கூறு என்று அவற்றுக்குப் பெயர். இந்தத் துணுக்குகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை முன்னால் வரிசையாக உட்கார்ந்தவர்கள் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்தபடியே அசைவார்கள், திரும்புவார்கள், பேசுவார்கள். திடப்பொருளின் துணுக்குகள் அப்படித்தான். ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே நகர்வார்கள். கூட்டத்தை விட்டு வெளியே வரவும் முடியாது, ஓரிடத்தில் நிற்கவும் முடியாது. திரவம் அப்படி. மாலையில் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வரும் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். திசைக்கு ஒருவராய்ச் சிதறி, கிடைத்த இடத்தையெல்லாம் நிறைத்துவிடுவார்கள். வாயு அப்படி.

பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் ஒரே ஆள் போடும் மூன்று வேஷம். வேஷத்தை மாற்றுவது உஷ்ணம். உஷ்ணம் ஏற ஏறத் துணுக்குகளின் ஆட்டமும் ஓட்டமும் அதிகமாகின்றன. உட்கார்ந்திருந்தவை எழுந்து நகரத் தொடங்கினால் உருகுதல். நகர்ந்தவை கூட்டத்தை விட்டே ஓடினால் ஆவியாதல்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதித்தால்தான் ஆவியாகும் என்று பலர் நினைக்கிறோம். அப்படியானால் கொடியில் போட்ட புடவை எப்படிக் காய்கிறது? புடவை கொதிக்கவில்லையே! கூட்டத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிலர் மெதுவாக, சிலர் விரைவாக. தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும் துணுக்குகளில் மிகவும் வேகமானவை எந்த உஷ்ணத்திலும் துள்ளி வெளியே போய்க்கொண்டேதான் இருக்கின்றன. கொதிக்கும்போது மேற்பரப்பில் மட்டுமல்லாமல் உள்ளுக்குள்ளேயும் ஆவி குமிழியிடுகிறது; வித்தியாசம் அவ்வளவுதான்.

வேகமானவை போய்விட்டால் மிச்சம் இருப்பவை மந்தமானவைதானே? மந்தம் என்றால் குளிர்ச்சி. மண்பானைத் தண்ணீர் குளிரும் ரகசியம் இதுதான். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே தண்ணீர் கசிந்து, வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் சும்மா போவதில்லை. பானையிலிருந்து உஷ்ணத்தையும் சுமந்துகொண்டு போகிறது. நூறு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாய்ப் போனால், மிச்சத் தண்ணீர் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும் என்று கணக்குச் சொல்கிறது. வெளிக்காற்று திரும்பவும் கொஞ்சம் சூடேற்றிவிடும் என்றாலும், குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். திருச்சியின் கத்திரி வெயில் வறண்ட வெயில். அதனால் இங்கே பானைத் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அத்தனை நன்றாக வேலை செய்வதில்லை. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் புத்தூர்ப் பானைத் தண்ணீரைப் புகழ்ந்தால், அதில் காவிரிக்குப் பாதிப் பங்கு, வறண்ட காற்றுக்குப் பாதிப் பங்கு!

போகும் ஆவி சுமந்துகொண்டு போகும் இந்த உஷ்ணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஜோஸப் பிளாக் என்ற பேராசிரியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு சூடு கொடுத்தாலும், முழுவதும் உருகி முடியும் வரை உஷ்ணமானி ஏறவே இல்லை. கொதிக்கும் தண்ணீரும் அப்படித்தான். எத்தனை விறகு வைத்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகவில்லை. கொடுத்த சூடெல்லாம் எங்கே போயிற்று? வேஷம் மாற்றுவதற்குச் செலவாகிவிட்டது. அந்தச் சூட்டை மறை வெப்பம் என்கிறோம். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். அந்தத் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி. கொதித்த தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கலோரி!

பனிக்கட்டி உருக இத்தனை சூடு வேண்டியிருப்பதால் ஒரு பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து பிரெடெரிக் டூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த நீரை ஏரியிலிருந்து வெட்டி எடுத்து, 180 டன் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்ட வேண்டும். இருந்தும் ஏறத்தாழ 100 டன் கட்டியாகவே வந்து சேர்ந்தது. கூடவே போட்ட மரத்தூள் வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை. உள்ளே புகுந்த கொஞ்சச் சூட்டையும் கிராமுக்கு 80 கலோரி என்று பனிக்கட்டி விழுங்கிக்கொண்டது. சென்னைக்கு வந்த கட்டியை வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அதை விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கிறோம்.

இனி நீராவி. இட்லிப் பானையில் மாவுக்குத் தண்ணீர் தொட்டால்கூடப் பிடிக்காது; பிறகு இட்லி எதனால் வேகிறது? மேலே எழும் ஆவி குளிர்ந்த மாவின்மேல் பட்டதும் திரும்பவும் தண்ணீராகிறது. தண்ணீராகும்போது, போகும்போது வாங்கிக்கொண்ட 540 கலோரியையும் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கடன் திரும்பும் சூட்டில்தான் இட்லி பூவாய் மலர்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு நிறுவப்பட்டு 1965-ல் உற்பத்தி தொடங்கிய பெல் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறதல்லவா? அங்கே செய்யும் ராட்சதக் கொதிகலன்களும் தண்ணீரை ஆவியாக்கும் பானைகள்தான். அந்த ஆவி மின்நிலையங்களில் சக்கரங்களைச் சுழற்றுவதால் கிடைக்கும் மின்சாரத்தில் நம் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் சுற்றுகின்றன.

இட்லியை வேக வைக்கும் அதே கணக்கு, கையில் பட்டால் என்ன ஆகும்? 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டால், உடம்புச் சூட்டுக்குத் தணிவதற்குள் ஏறத்தாழ 60 கலோரி கொடுக்கும். 100 டிகிரி ஆவி ஒரு கிராம் பட்டால் 600 கலோரி. பத்து மடங்கு! "வெறும் ஆவிதானே" என்று அலட்சியமாக இருக்கவே கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள். கெட்டில் மூக்கிலிருந்து வெள்ளையாக வருவது ஆவி அல்ல. ஆவி குளிர்ந்து உண்டான பொடித் துளிகள். உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றும் இல்லாதது போல் ஓர் இடைவெளி தெரியும் பாருங்கள், அதுதான் அபாயமான இடம். இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்கி, ஆவி உங்களை விட்டு விலகிப் போகும்படி செய்யுங்கள். அப்படியும் பட்டுவிட்டால், குழாயைத் திறந்து 20 நிமிஷம் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம்.

இப்போது கற்பூரச் சம்புடத்தைத் திறப்போம்.

பெரும்பாலான பொருள்கள் வரிசைக் கிரமமாக வேஷம் மாற்றும்: திடம், திரவம், பிறகு வாயு. சில பொருள்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்து, கூட்டத்தில் சேராமல் நேரே வாசலைத் தாண்டி ஓடிவிடுவதுபோல, திடத்திலிருந்து ஒரே தாவலில் வாயுவாகிவிடும். பதங்கமாதல் என்று பெயர். கற்பூரத்தின் துணுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிடி மிகவும் தளர்வானது. அதனால் சாதாரண அறைச் சூட்டிலேயே மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று காற்றில் கலந்துகொண்டிருக்கும். ஈரம் தெரியாது, கறை இருக்காது. மூடி தளர்வான சம்புடமும் நல்ல வெயில் காலமும் சேர்ந்தால், இரண்டு மாதத்தில் கணிசமாகக் குறைவதில் ஆச்சரியமே இல்லை.

"மிளகு போட்டு வைத்தால் கரையாது என்பார்களே?" பாட்டிமார் சொன்னதை எதிர்த்துப் பேச எனக்கும் தயக்கம்தான். ஆனால் காரியத்தைச் சாதிப்பது மிளகைவிட மூடிதான். கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடினால், உள்ளே இருக்கும் காற்று கற்பூர ஆவியால் நிறைந்ததும், வெளியேறும் துணுக்குகளும் திரும்பி வந்து ஒட்டும் துணுக்குகளும் சமமாகிவிடும். அதற்குமேல் கற்பூரம் குறையாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், பரீட்சித்துப் பாருங்கள். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நாலைந்து வில்லைகளைப் போட்டு இறுக மூடி, ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். பக்கத்தில் நெருப்பு மட்டும் கூடாது. சில நாள் கழித்துப் பார்த்தால், வில்லை தொடாத இடத்தில், பாட்டிலின் குளிர்ந்த பக்கத்தில், சின்னச் சின்னப் படிகங்கள் வைரத்தூள் போல மின்னும். வில்லையை விட்டு ஆவியாய்ப் போன கற்பூரம், குளிர்ந்த இடம் பார்த்து மறுபடியும் திடமாகிவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அந்தப் பெண்ணின் நிரபராதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

காணாமற் போனது எதுவும் இல்லாமற் போய்விடவில்லை என்பதுதான் இந்தப் பாட்டில் சொல்லும் செய்தி. அரபிக் கடலிலிருந்து ஆவியாய் மறைந்த தண்ணீர் குடகு மலையில் மழையாகப் பெய்து, காவிரியாய் வந்து, உய்யக்கொண்டான் வாய்க்கால் வழியாகப் புத்தூருக்குள்ளேயே ஓடவில்லையா? கற்பூரமும் அப்படித்தான். சம்புடத்தில் இல்லையென்றால் பூஜை அறைக் காற்றில் இருக்கிறது. அதை நமக்குச் சொல்வது மூக்கு.

வாசனை என்பது தூரத்திலிருந்து வரும் செய்தி அல்ல. பொருளே நேரில் வந்து சேர்வது. மல்லிகை மணக்கிறது என்றால் மல்லிகையின் துணுக்குகள் உங்கள் மூக்குக்குள் வந்துவிட்டன என்று அர்த்தம். எந்த நாற்றத்துக்கும் இதே சட்டந்தான்.

சமையல் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறதே, ஏன்? அழுத்தி அடைத்ததால் வாயு திரவமாகி இருக்கிறது. வெளியே வந்ததும் அந்தத் திரவம் ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து வாயுவாகும். அந்த வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்றே கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனமானதால் அது தரையோடு தவழ்ந்து, மூலையில் தேங்கும். ஆகையால் நாற்றம் வந்தால் "எங்கிருந்தோ வருகிறது" என்று இருக்காதீர்கள். வாயு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, விளக்கு சுவிட்சைப் போடாமலும் அணைக்காமலும் எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இனி, சகோதரியின் பின்குறிப்பு.

"என் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளையும், அவளுக்குத் தூளி கட்டிய என் மாமியாரின் நூல் புடவையையும் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், ஒரு பூச்சி அரிக்கவில்லை. பேரப்பிள்ளைக்கும் அதிலேயே தூளி கட்டப் போகிறேன்."

படித்ததும் என் கண்ணிலும் ஈரம் கசிந்தது. ஆனால், அம்மா, அந்தப் புடவையில் தூளி கட்டாதீர்கள்.

பாச்சை உருண்டை, அந்துருண்டை என்றெல்லாம் நாம் சொல்லும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்ற பொருள். கரித்தாரிலிருந்து எடுப்பது. உருகுவதற்கு 80 டிகிரி வேண்டும். ஆனால் உருகாமலேயே ஆவியாவதில் கற்பூரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். வருஷம் ஆக ஆக உருண்டை பட்டாணி அளவாகி, பிறகு காணாமலே போகிறதே, அது எங்கே போயிற்று என்று இப்போது உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் இருந்த காற்றில், அங்கிருந்து துணியின் ஒவ்வோர் இழையிலும். பூச்சியை விரட்டியது அந்த ஆவிதான். துணியில் அந்த வாசனை இருக்கும் வரை நாப்தலீனும் துணியில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு அது சாதாரணமாகத் தலைவலியோடு போகலாம். பச்சிளங்குழந்தைக்கு அப்படி அல்ல. மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும் நாப்தலீன், இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. சில குழந்தைகளின் சிவப்பணுக்களுக்குப் பிறவியிலேயே ஒரு பாதுகாப்புப் பொருள் குறைவாக இருக்கும். 1956-ல் அமெரிக்காவில் மலேரியா மருந்து ஒன்றை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த குறை இது. ஜி-6-பி-டி குறைபாடு என்பார்கள். நம் நாட்டிலும் உண்டு. தாய்வழியாக வரும், பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையை நாப்தலீன் மணக்கும் துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் விரைவாக உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். மிஞ்சினால் மூளையையே பாதிக்கும். நம் வழக்கப்படி உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினால், எண்ணெய்ப் பசையுள்ள தோல் வழியாக அது இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

வெயிலில் போட்டால் போகாதா? போகும். உஷ்ணம் ஏறினால் ஆவி விரைவாக வெளியேறும். இத்தனை நேரம் பார்த்த கணக்கே அதுதான். பெரியவர்கள் உடுத்துவதற்குப் பல நாள் வெயிலில் காயப்போட்டு, வெந்நீரில் துவைத்தால் போதும். ஆனால் மடிப்புக்குள்ளும் இழைக்குள்ளும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது; பழகிப்போன மூக்காலும் சொல்ல முடியாது. பிறந்த குழந்தை விஷயத்தில் அந்தப் பரீட்சை நமக்கு வேண்டாம். பழந்துணிதான் போட வேண்டும் என்ற சம்பிரதாயத்தை விட வேண்டாம். உருண்டை படாத பழந்துணி, தினம் நீங்கள் உடுத்தித் துவைத்த நூல் புடவை, அதைவிட மெத்தென்று எது இருக்கப் போகிறது? இன்னொரு விஷயம்: துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு விரும்பித் தின்பது கம்பளியையும் பட்டையும்தான். துவைத்து, கஞ்சி போடாமல், நன்றாகக் காயவைத்த பருத்திக்கு உருண்டையே அவசியமில்லை. குழந்தைத் துணிகளைக் காற்றுப் புகாத பெட்டியில் மூடி வைத்தால் போதும்.

குழந்தை இருக்கும் வீட்டில் மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். பாச்சை உருண்டை தவழும் குழந்தைக்குப் பெப்பர்மின்ட் மாதிரி தெரியும். பீரோ அடித்தட்டிலும் குளியலறையிலும் போட்டு வைக்காதீர்கள். கற்பூரமும் அப்படியே. சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரக்கூடும். சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து மார்பில் தடவும் பழக்கத்தைக் கைக்குழந்தைகள் விஷயத்தில் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் அந்த ஆவி, குழந்தையின் சின்ன உடம்புக்கு அதிகம். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், உடம்பு வெளிறினாலும், சிறுநீர் கறுத்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், "விடிந்ததும் பார்க்கலாம்" என்று இருக்க வேண்டாம். புத்தூரில் பெரிய அரசு மருத்துவமனையே பக்கத்தில் இருக்கிறது. எந்தத் துணியில் சுற்றியிருந்தோம், அதில் உருண்டை வாசனை இருந்ததா என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

அம்மா, உங்கள் மாமியாரின் புடவையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெயிலில் போட்டு, துவைத்து, இந்தத் தடவை உருண்டை போடாமல் மடித்து வையுங்கள். பேரப்பிள்ளை ஓடி விளையாடும் வயது வந்ததும் எடுத்துக் காட்டி, "உன் அம்மா இதில்தான் தூங்கினாள்" என்று கதை சொல்லுங்கள்.

மாமியார் புடவைக்கு வழி சொல்லியாயிற்று. இனி உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும். கண்ணாடி பாட்டிலை ஜன்னலில் வைக்கும்போது அவளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். படிகம் மின்னும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பிறகு, "கற்பூரத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஜாடையாகச் சொன்ன வார்த்தையை ஜாடையாகத் திருப்பி எடுக்க முடியாது. மனசில் பட்ட வார்த்தையும் ஆவியைப் போலத்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்துவிட வேண்டியது நாம்தான்.

அடுத்த வாரம்: தண்ணீர் கொதித்தால் பொங்கி வழிவதில்லை, பால் மட்டும் ஏன் அந்தப் பக்கம் திரும்பியதும் பொங்கிவிடுகிறது?